ஒன்பது சுற்று

இரவு ஷிப்ட் முடிந்து
எட்டாங்கட்டைக்குத் திரும்பும்போது
கிழக்கே ஒரு வெள்ளி.
மாதக் கடைசியில்
என் பேரில் மிச்சமிருக்கும்
ஒரே வெள்ளி அது.

எங்கள் அடுக்குமாடியில் நூற்று அறுபது வீடு.
கோடு போட்ட பெட்டி எழுபத்திரண்டு.
எண் எழுதிய பெட்டிதான் வேண்டுமென்றால்
மாதம் நூற்றிருபது.
கையுறைத் தொழிற்சாலையில் அது
என் இரண்டு நாள் கை.

மைவிக்கு ஒன்பது வருடத் தவணை,
ஆறு பாக்கி.
பஸ் எப்போது வருமென்று
பஸ்காரனுக்கே தெரியாது.
காடி இல்லாமல் வேலை இல்லை,
வேலை இல்லாமல் காடி இல்லை,
இரண்டும் இருந்தால்
இடம் இல்லை.

துரை பங்களா இருந்த மேட்டில்
இப்போது காடி விற்கிறார்கள்.
முன்பணம் வேண்டாம், சம்பளச் சீட்டு போதுமென்று
காற்றடைத்த சிவப்புப் பொம்மை ஒன்று
இரண்டு கையும் ஆட்டிக் கூப்பிடுகிறது.
வாங்கி எங்கே நிறுத்துவது என்று
அது இதுவரை சொன்னதில்லை.

முதல் சுற்று.
கீழ்வீட்டு வேலாயுதம்
சிமெண்ட் ஊற்றிய சாய வாளியை
நட்டு வைத்திருக்கிறார்.
தவணை கட்டாத, சாலைவரி கட்டாத
வாளிக்கு இடம் இருக்கிறது.

இரண்டு. சீனக் கோயில் ஓரம், முழுக்க.
மூன்று. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்கூட
கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஒருவன்.
எதிரே ஒரு வெள்ளை சாகா.
இருபது வயதிருக்கும்,
பேருக்கேற்ப இன்னும் சாகவில்லை.

நாலாவதில் அதே சாகா.
ஐந்தாவதில்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கினாள்,
நானும் தூக்கினேன்.
ஆறில் எண்ணெய் விளக்கு எரிந்தது.
ஏழில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
நவக்கிரகத்தை ஒன்பது சுற்றினால்
சனியே கொஞ்சம் விலகி நிற்பார் என்கிறார்கள்.

எட்டில் காய்கறி லாரி கிளம்பியது.
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
நீ போ என்று கை காட்டினேன்.
நீ போ என்று அவள்.
இல்லை, நீ.
அந்த மரியாதைக்கு நடுவே
ரொட்டிப் பை தொங்கும் மோட்டார் ஒன்று நுழைந்து,
குறுக்கே சாய்ந்து,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
படியேறிப் போய்விட்டது.

ஒன்பதாவதை
கிளினிக் வாசலில் முடித்தோம்,
ஒன்றன்பின் ஒன்றாக.
எட்டு மணிவரை அங்கே காசு இல்லை,
எட்டு ஒன்றுக்குச் சம்மன்.
ஏழு ஐம்பத்தெட்டுக்கு அலாரம் வைத்து
இருக்கையைச் சாய்த்துப் படுத்தேன்.
வீடு தெரிந்தது, நாலாவது மாடி,
காயப்போட்ட என் சீருடையும் தெரிந்தது.

கண்ணாடியைத் தட்டினாள்.
ரொஸ்னா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.
ஒரு நாசி லெமாக் பொட்டலம்,
இரண்டு கரண்டி.
மூன்று வெள்ளி ஆக்கிவிட்டான்,
முட்டையும் பாதிதான் என்றாள்.
பாதி முட்டையை மறுபடி பாதியாக்கினோம்.
மஞ்சள் கரு
என் பக்கம் வந்தது.

ஞாயிறு இரவு செய்தி அனுப்பினாள்.
இந்த வாரம் எனக்குப் பகல்.
ஆறு நாற்பதுக்கு எடுப்பேன்.
பின்னாலேயே நில்.

அன்றிலிருந்து
அவள் வெளியே வர, நான் உள்ளே.
மாலையில் நான் வெளியே, அவள் உள்ளே.
ஒரே நெரையை
இரண்டு பேர் வெட்டுவதுபோல்.
இடையில் அரை நிமிடம்
அந்தத் தரை காலியாகத் தெரியும்,
எண்ணெய்க் கறையோடு,
அவளுடையதா என்னுடையதா தெரியாது.

ரெண்டு பேரும் சொந்தமா என்று
வேலாயுதம் கேட்டார்,
வாளிமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு.
ஆமாம் என்றேன்,
பெட்டி வழியில்.

ஞாயிறு
இருவருக்கும் விடுமுறை.
ஞாயிறைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.